தேயிலைப் பெட்டி கடந்து போன எல்லை: அட்டியாபாரி வழக்கை ஹட்டனில் இருந்துகொண்டு படித்தபோது

எங்கள் மாமா லொறி ஓட்டுகிறவர். ஹட்டனைச் சுற்றியுள்ள நாலைந்து பெக்டரிகளில் தூள் மூட்டை ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை, கித்துல்கல, எட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று இறங்கி, கொழும்புக் களஞ்சியத்தில் போட்டுவிட்டுத் திரும்புவதுதான் இருபத்தைந்து வருஷமாக அவருடைய பிழைப்பு. போன மாதம் வீட்டுக்கு வந்தவர் சட்டைப்பையிலிருந்து கசங்கிய துண்டு ஒன்றை எடுத்து மேசையில் போட்டார். வழியில் ஒரு சின்ன டவுனில் பிளேன்டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார். லொறி நிறுத்தியதற்குக் கட்டணம் என்று சொல்லி, காசை வாங்கிக்கொண்டு அந்தத் துண்டைக் கொடுத்திருக்கிறார்கள்.

"நிப்பாட்டுனதுக்குக் காசு கேட்டான், குடுத்தேன், சரி. நாளைக்கு ரோட்டுல போறதுக்கே காசு கேட்டா என்னா செய்றது மாப்புள? நம்ம மாகாணத்துத் தேயில அவன் மாகாணம் வழியாத்தானே போவுது. அவன் வரி போடலாமா?"

சட்டம் படிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவனுக்கு இது கொஞ்சம் சங்கடமான கேள்வி. அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். அப்புறம் புத்தகத்தைப் புரட்டியபோதுதான், மாமா கேட்ட அதே கேள்வி, அதே சரக்கைப் பற்றி, ஏற்கனவே ஒரு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது என்று தெரிந்தது. இங்கே அல்ல, இந்தியாவில். அட்டியாபாரி டீ கம்பெனி எதிர் அசாம் மாநிலம். தீர்ப்பு 1960 செப்டம்பர் 26. மத்திக்கும் மாநிலத்துக்கும் இடையில் வர்த்தகத்தை யார் ஒழுங்குபடுத்துவது என்று படிக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது இந்தப் பெயரைக் கடந்து போவார்கள். நானும் பரீட்சைக்காகப் பெயரை மனப்பாடம் செய்தவன்தான். உள்ளே தேயிலைப் பெட்டி இருப்பதை அப்போது கவனிக்கவேயில்லை.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வழக்கே பாதையைப் பற்றியதுதான். ஹட்டன் மத்திய மாகாணம். கினிகத்தேனை வரைக்கும் நம்முடைய மாகாணம்தான். கித்துல்கலைக்கு இறங்கினால் கேகாலை மாவட்டம், அதாவது சப்ரகமுவ மாகாணம். எட்டியாந்தோட்டையும் அதற்குள்தான் கிடக்கிறது. அவிசாவளைக்குப் போனால் கொழும்பு மாவட்டம், மேல் மாகாணம். காலையில் புறப்பட்ட லொறி மத்தியானத்துக்குள் மூன்று மாகாணங்களைப் பார்த்துவிடுகிறது. 1883 ஜூலை 30இல் கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்த நாளிலிருந்து மலையில் விளைவதற்கு விலை போடுகிற இடம் கொழும்புதான். ஆகவே தூள் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும், இறங்குகிற வழி இன்னொருவர் எல்லைக்குள் கிடக்கிறது.

அசாம் தோட்டங்களுக்கும் அதே தலையெழுத்து. அவர்களுக்குச் சந்தை கல்கத்தா. அசாமில் விளைந்த தேயிலை மாநிலத்தின் நீளத்தைத் தாண்டி வெளியே வர வேண்டும். மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி பக்கத்துத் தோட்டங்களின் நிலை இன்னும் வேடிக்கை. அந்தத் தேயிலை விளைவதும் மேற்கு வங்கம், விற்பதும் மேற்கு வங்கம், ஆனால் நடுவில் அசாமின் ஒரு சிறு துண்டு நிலத்தைக் கடந்து போக வேண்டியிருந்தது. ரயிலில் போனது ஒரு பங்கு, மிச்சம் லொறியிலும் படகிலும் போனது.

1954இல் அசாம் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. சாலையிலும் உள்நாட்டு நீர்வழியிலும் கொண்டு செல்லப்படும் சரக்குகளுக்கு வரி. சரக்கு என்று பெயருக்குச் சொன்னாலும் குறி வைத்தது இரண்டே இரண்டைத்தான்: பெட்டியில் அடைத்த தேயிலை, கட்டாகக் கட்டிய சணல். எதில் கொண்டுபோனால் வரி என்று அந்தச் சட்டம் அடுக்குகிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. மோட்டார் வண்டி, மாட்டு வண்டி, தள்ளுவண்டி, படகு, மிருகம், மனிதன், இன்னும் வேறு எதுவானாலும் வரி, ரயிலும் விமானமும் தவிர. அதாவது ஒரு ஆள் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு போனாலும் வரி உண்டு, ரயிலில் ஏற்றினால் இல்லை.

ஏன் ரயிலை விட்டார்கள்? இரக்கத்தால் இல்லை, அதிகாரம் இல்லாததால். இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. மத்திய அரசின் பட்டியல், மாநிலத்தின் பட்டியல், இரண்டு பேருக்கும் பொதுவானது ஒன்று. மாநிலப் பட்டியலின் 56ஆவது பதிவு, சாலையிலும் உள்நாட்டு நீர்வழியிலும் போகும் சரக்குக்கும் பயணிகளுக்கும் வரி போடும் அதிகாரத்தை மாநிலத்துக்குக் கொடுக்கிறது. ரயில், கடல், விமானம் வழியாகப் போவதற்கான முனைய வரி, அதாவது பயணம் தொடங்கும் அல்லது முடியும் இடத்தில் வாங்குகிற வரி, மத்திய பட்டியலின் 89ஆவது பதிவு. ஆக, அசாம் தன் பாத்தியில் மட்டும் ஒழுங்காக மண்வெட்டி போட்டிருக்கிறது. பட்டியலை மட்டும் பார்த்தால் சட்டத்தில் குறையே சொல்ல முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த வரியை எதிர்த்து வழக்குப் போட்ட தேயிலைக் கம்பெனிகள் அடித்தது பட்டியலை அல்ல.

அவர்கள் பிடித்துக்கொண்டது 301ஆவது உறுப்புரையை. இந்தியா முழுவதும் வணிகமும் வர்த்தகமும் போக்குவரத்தும் சுதந்திரமாக நடக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஒரே வரிதான். ஆஸ்திரேலிய அரசியலமைப்பின் 92ஆவது பிரிவைப் பார்த்து எழுதியது. அங்கே ‘முற்றிலும் சுதந்திரமாக’ என்று இருந்ததை இங்கே ‘சுதந்திரமாக’ என்று மட்டும் வைத்துக்கொண்டு, அந்தச் சுதந்திரத்தில் எங்கெங்கே ஓட்டை போடலாம் என்பதையும் அடுத்தடுத்த உறுப்புரைகளில் எழுதிவைத்தார்கள். 304ஆவது உறுப்புரையின் இரண்டாவது பகுதிதான் இந்த வழக்கின் முடிச்சு. ஒரு மாநிலம் பொதுநலனுக்காக வர்த்தகத்தின் மேல் நியாயமான கட்டுப்பாடு போடலாம், ஆனால் அந்தச் சட்டமூலத்துக்கு முன்கூட்டியே குடியரசுத் தலைவரின் இசைவு வேண்டும். அசாம் அந்த இசைவைக் கேட்கவேயில்லை.

அப்படியானால் கேள்வி இதுதான்: வரி என்பது ‘கட்டுப்பாடு’ ஆகுமா? ஆகும் என்றால் அசாம் இசைவு வாங்கியிருக்க வேண்டும், சட்டம் விழுந்தது. ஆகாது என்றால் 56ஆவது பதிவு இருக்கிறது, வரியைக் கட்டிவிட்டுப் போங்கள்.

இதே பிரச்சினை அமெரிக்காவில் வேறு முகத்தோடு வந்திருக்கிறது. அங்கே அரசியலமைப்பு, மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை காங்கிரசுக்குக் கொடுத்ததே தவிர, மாநிலம் என்ன செய்யக்கூடாது என்று விரித்து எழுதவில்லை. 1824இல் கிப்பன்ஸ் எதிர் ஆக்டன் வழக்கில், நியூயோர்க் மாநிலம் தன் நீர்வழியில் நீராவிப் படகு விடும் ஏகபோக உரிமையை ஒரு கூட்டத்துக்குக் கொடுத்திருந்ததை, கரையோரப் போக்குவரத்துக்கான மத்திய உரிமம் வைத்திருந்த கிப்பன்ஸ் எதிர்த்து வென்றார். வர்த்தகம் என்றால் வாங்குவதும் விற்பதும் மட்டுமல்ல, போய்வருவதும் அதற்குள் அடக்கம் என்று பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல் எழுதினார். அந்த ஒரு விளக்கத்தை வைத்துக்கொண்டு அமெரிக்கர்கள் இருநூறு வருஷம் ஓட்டிவிட்டார்கள். இந்தியர்களுக்கு எழுத்திலேயே இருந்தது, ஆனால் எழுதி வைத்திருப்பதால் சண்டை குறைந்துவிடுவதில்லை.

கம்பெனிகள் அசாம் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். அங்கிருந்து உச்ச நீதிமன்றம். (ஒரு சின்ன எச்சரிக்கை: இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்பதை நாம் இங்கே உயர் நீதிமன்றம் என்போம், அவர்களுடைய உயர் நீதிமன்றத்துக்குக் கிட்டத்தட்ட நம்முடைய மேல் நீதிமன்றம். தமிழ்நாட்டுச் சட்டப் புத்தகத்தையும் இலங்கைச் சட்டப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவனுக்குப் பாதி நாள் இதிலேயே போய்விடும்.) ஐந்து நீதியரசர்கள் விசாரித்தார்கள், மூன்று விதமான பதில் வந்தது.

தலைமை நீதியரசர் பி. பி. சின்ஹா தனியாக நின்றார். வரி போடுவது ஆட்சி அதிகாரத்தின் அடிப்படைக் குணம், அதற்கு அரசியலமைப்பில் தனிப் பகுதியே இருக்கிறது, 301 தடுப்பது எல்லையில் சுவர் எழுப்புவதைத்தான், எல்லா வரியையும் அல்ல என்பது அவருடைய வாதம். ஒவ்வொரு வரிக்கும் டில்லிக்கு ஓடி இசைவு வாங்க வேண்டுமென்றால் மாநிலங்களின் பட்டியலில் வரி அதிகாரம் என்று எழுதி வைத்ததற்கு என்ன அர்த்தம்? இதை முதலில் படித்தபோது எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் என்று தோன்றியது.

அப்புறம் பெரும்பான்மையைப் படித்தேன். நீதியரசர் பி. பி. கஜேந்திரகட்கர் தனக்கும் வாஞ்சூ, தாஸ் குப்தா இருவருக்குமாகச் சேர்த்து எழுதினார். அவர் பட்டியலிலிருந்து தொடங்கவில்லை, வரலாற்றிலிருந்து தொடங்கினார். சுதந்திரத்துக்கு முன் இந்தியா முழுக்கச் சிதறிக் கிடந்த சமஸ்தானங்கள், ஒவ்வொன்றும் தன் எல்லையில் உட்கார்ந்து வரி வாங்கியது, அந்தத் துண்டு துண்டான பொருளாதாரத்தை ஒன்றாக்கத்தான் 301ஐ வைத்தார்கள் என்பது அவர் பார்வை. ஆனால் எல்லா வரியையும் அதற்குள் இழுத்துப் போடவும் அவர் தயாராக இல்லை. சரக்கு நகர்வதை நேரடியாகவும் உடனடியாகவும் தடுக்கிற வரி மட்டும்தான் 301இல் மாட்டும் என்றார். தேயிலை விளைவிக்கிற வருமானத்துக்கு வரி போட்டால் அதனால் கடைசியில் தேயிலை குறைவாக நகரலாம், அது சுற்றிவளைத்த பாதிப்பு, விட்டுவிடலாம். ஆனால் பெட்டி லொறியில் ஏறி நகர்கிறது என்பதற்காகவே போடுகிற வரி நகர்வின் மேலேயே விழுகிறது. அசாமின் வரி அப்படிப்பட்டது. இசைவு இல்லை, ஆகவே சட்டம் செல்லாது.

ஐந்தாமவர் நீதியரசர் ஜே. சி. ஷா. அவர் இன்னும் தூரம் போனார். நகர்வு மட்டும் ஏன், வர்த்தகம் என்றால் வாங்குவது, விற்பது, சேர்த்து வைப்பது எல்லாம்தானே, எந்தக் கட்டத்தில் வரி போட்டாலும் அது கட்டுப்பாடுதான் என்றார். முடிவில் பெரும்பான்மையோடு ஒத்துப் போனாலும் காரணத்தில் தனி.

நேரடி, உடனடி என்ற அளவுகோல் கேட்க அழகாக இருக்கிறது, பிடித்துப் பார்த்தால் வழுக்குகிறது. மாமாவின் துண்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். லொறியை டவுனில் நிறுத்தினால் கட்டணம் என்றால் அது நிறுத்தியதற்கா, நகர்ந்ததற்கா? ஹட்டனிலிருந்து கொழும்புக்கு நிறுத்தாமல் ஓட்ட மனுஷனால் முடியாது, கித்துல்கலையின் வளைவுகளை இறங்கி முடித்த கை ஒரு பிளேன்டீயைத் தேடும். அப்படியானால் நிறுத்தக் கட்டணமும் நகர்வின் மேல்தானே விழுகிறது? இல்லை, அங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு விலை என்று பதில் வரும். சரியாக இந்தப் பதிலைத்தான் இந்திய உச்ச நீதிமன்றம் இரண்டே வருஷத்தில் சொன்னது. 1962இல் ராஜஸ்தான் மோட்டார் வண்டி வரி பற்றிய வழக்கில் ஏழு நீதியரசர்கள் உட்கார்ந்து, சாலை, பாலம் போன்ற வசதிக்கு ஈடாக வாங்குகிற வரி தடை ஆகாது, அது வர்த்தகத்துக்கு உதவி என்றார்கள். ஈட்டு வரி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அட்டியாபாரியின் கதவை முழுக்கச் சாத்தாமல் பக்கத்தில் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் எந்த மாநிலம் எந்த வரி போட்டாலும் ‘இது ஈட்டு வரி’ என்று சொல்லப் பழகிவிட்டது.

கம்பெனிகள் வென்றார்கள் இல்லையா, அவர்களுக்கு என்ன ஆனது? பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிற இடம் இது, எனக்கோ இதுதான் வழக்கின் சாரமாகத் தெரிகிறது. தீர்ப்பு வந்த அடுத்த வருஷமே, 1961இல், அசாம் அதே மாதிரி இன்னொரு சட்டம் போட்டது. இந்தத் தடவை குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கிக்கொண்டது. (முன்கூட்டி வாங்க மறந்தாலும் பின்னால் ஒப்புதல் கிடைத்தால் போதும் என்று 255ஆவது உறுப்புரை சொல்கிறது.) அது மட்டுமல்ல, பழைய சட்டம் உயிரோடு இருந்த வருஷங்களுக்கும் இந்த வரி பொருந்தும் என்று பின்னோக்கியும் நீட்டியது. தேயிலைக் கம்பெனிகள் மறுபடி நீதிமன்றம் போனார்கள். கைர்பாரி டீ கம்பெனி எதிர் அசாம் மாநிலம், தீர்ப்பு 1963 டிசம்பரில். எழுதியவர் அதே கஜேந்திரகட்கர். இப்போது சட்டம் செல்லும் என்றார். இசைவு என்ற படி ஏறியாயிற்று, கட்டுப்பாடு நியாயமானது, பின்னோக்கி வரி போடவும் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

ஆக, முதல் வழக்கில் அசாம் தோற்றது அதிகாரம் இல்லாததால் இல்லை, கையெழுத்து ஒன்று குறைந்ததால். அந்தக் கையெழுத்து வந்ததும் அதே பெட்டிக்கு அதே வரி. கூட்டாட்சி, பொருளாதார ஒற்றுமை என்று நூற்றுக்கணக்கான பக்கங்களில் வாதாடியது கடைசியில் ஒரு கோப்பு டில்லிக்குப் போய்வருவதில் முடிந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கோப்பு போய்வர வேண்டும் என்பதே ஒரு பாதுகாப்புத்தான், யாராவது ஒருவர் முழு நாட்டையும் மனதில் வைத்துப் பார்க்கட்டும் என்பதற்காக. ஆனால் அந்தப் பாதுகாப்பு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவருக்கோ லொறி ஓட்டுகிறவருக்கோ என்ன கொடுத்தது என்று கேட்டால், ஒன்றும் இல்லை.

மிச்ச வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஈட்டு வரிக் கோட்பாடு ஐம்பது வருஷம் இழுபட்டு, 2016 நவம்பர் 11இல் ஜிண்டால் ஸ்டெயின்லெஸ் எதிர் ஹரியானா வழக்கில் ஒன்பது நீதியரசர்கள் முன் வந்து விழுந்தது. வரி என்ற ஒரே காரணத்துக்காக எதுவும் 301இல் மாட்டாது, வெளி மாநிலச் சரக்குக்கும் உள்ளூர்ச் சரக்குக்கும் பாகுபாடு காட்டுகிற வரி மட்டும்தான் மாட்டும் என்று பெரும்பான்மை சொன்னது. அட்டியாபாரியும் ராஜஸ்தான் வழக்கும் அந்த அளவுக்கு ரத்து. 1960இல் தனியாக நின்ற சின்ஹாவின் வாதம் 56 வருஷம் கழித்துக் கிட்டத்தட்ட வென்றுவிட்டது. அந்த வெற்றியை அனுபவிக்கவும் அதிக நாள் கிடைக்கவில்லை, 2017 ஜூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்து மாநிலங்களின் நுழைவு வரிகளை விழுங்கிவிட்டது. 56ஆவது பதிவு மட்டும் இன்னும் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

சரி, நம்ம வீட்டு விஷயத்துக்கு வருவோம். சப்ரகமுவ மாகாணம் நம்முடைய தூளுக்கு வரி போடலாமா?

1987இல் மாகாண சபைகளை உருவாக்கிய, நம் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்தபோது இந்தியாவைப் பார்த்தே மூன்று நிரல்கள் எழுதப்பட்டன. மாகாண சபை நிரல், மத்திக்கென்று ஒதுக்கிய நிரல், இரண்டுக்கும் பொதுவான ஒருங்கிய நிரல். அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை. ஆனால் இந்தியாவைப் போல 301 என்று ஒன்றை எழுதவில்லை, ஏனென்றால் நாம் கூட்டாட்சி இல்லை, 2ஆவது உறுப்புரை ஒற்றையாட்சி என்று அடித்துச் சொல்கிறது. அதற்குப் பதிலாக விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டார்கள். மாகாணங்களுக்கு இடையிலான வர்த்தகமும் வெளிநாட்டு வர்த்தகமும் ஒதுக்கிய நிரலில் இருக்கின்றன. ஒதுக்கிய நிரலில் உள்ள எதைப் பற்றியும் மாகாண சபை நியதிச் சட்டம் (மாகாண சபை போடுகிற சட்டத்துக்கு அதுதான் பெயர்) இயற்ற முடியாது என்று 154ஜீ உறுப்புரை சொல்கிறது.

மாகாண சபை நிரலில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மாகாணம் வாங்கக்கூடிய வருமானங்களின் வரிசையில், மோட்டார் வாகன உரிமக் கட்டணம், மதுபான உரிமக் கட்டணம், முத்திரைத் தீர்வை இவற்றோடு சேர்த்து, பாதையைக் கடந்து போவதற்கான ஆயக் கட்டணமும் இருக்கிறது. மாமா பயந்தது இதைத்தான், அவருக்கே தெரியாமல். ஆனால் நிரலில் இருப்பதை வைத்து உடனே பயப்பட வேண்டாம். மாமா இறங்குகிற அவிசாவளைப் பாதை, ஏ7, தேசிய நெடுஞ்சாலை, மாகாணத்துக்குக் கொடுத்த பாதை அதிகாரம் தேசிய நெடுஞ்சாலைகள் நீங்கலானவற்றுக்குத்தான். அதற்கு மேல் தேயிலைக்கென்று தனியாகப் போட்டால் அது ஆயக் கட்டணமாக இருக்காது, மாகாணங்களுக்கு இடையிலான வர்த்தகத்தின் மேல் கை வைப்பதாகிவிடும். ஆகவே என் பதில்: போட முடியாது. போட்டால் விழும். அசாமைப் போல ஒரு கையெழுத்து வாங்கித் தூக்கி நிறுத்தவும் முடியாது, ஏனென்றால் இங்கே குறைவது கையெழுத்து அல்ல, அதிகாரமே.

மாமாவுக்கு இந்தப் பதில் பிடித்தது. எனக்கு அரைகுறையாகத்தான் பிடித்தது, ஏனென்றால் அதே நிரலை இன்னும் கொஞ்சம் கூர்ந்து படித்தால், அந்த லொறியைப் பாதுகாக்கிற அதே கை இன்னொரு பக்கத்தில் நம்மைத் தள்ளிவைத்திருப்பது தெரிகிறது. விவசாயம் மாகாண சபை நிரலில் இருக்கிறது. ஆனால் கூடவே ஒரு அடைப்புக்குறி. மாகாணங்களுக்கு இடையிலான நீர்ப்பாசன, காணிக் குடியேற்றத் திட்டங்கள், அரச காணி, பெருந்தோட்ட விவசாயம் ஆகியவை தவிர்ந்த விவசாயம் என்று எழுதியிருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் நின்றுகொண்டு இதைப் படியுங்கள். கரட்டும் லீக்சும் உருளைக்கிழங்கும் மாகாணம். பக்கத்து மலையில் தேயிலை என்றால் கொழும்பு. ஒரே மண், ஒரே மழை, நடுவில் ஒரு கான் ஓடுகிறது, அவ்வளவுதான்.

இதனால் நடைமுறையில் என்ன? தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1957ஆம் ஆண்டு 51ஆம் இலக்கம், தேயிலைச் சபைச் சட்டம் 1975ஆம் ஆண்டு 14ஆம் இலக்கம், இரண்டும் மத்தியின் சட்டங்கள். சிறுதோட்டக்காரரின் கொழுந்துக்குப் பெக்டரி என்ன கணக்கில் காசு கொடுக்க வேண்டும் என்பது அந்த வழியாக வருகிறது. தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் சம்பள நிர்ணய சபை வழியாக வருகிறது. மத்திய மாகாண சபைக்கு இதில் எதையும் தொட இடமில்லை. மாகாணத்தின் பெயர் சொன்னால் உலகத்துக்கு ஞாபகம் வருகிற ஒரே பொருளைப் பற்றி அந்த மாகாண சபை ஒரு நியதிச் சட்டம் இயற்ற முடியாது. அசாம் தோற்றாலும் குறைந்தது தன் தேயிலைக்கு ஒரு சட்டம் போட்டுப் பார்த்தது.

இதில் ஒரு தேதிப் பொருத்தமும் உண்டு. 2013 செப்டம்பர் 21இல் மத்திய மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. ஐந்தாம் நாள், செப்டம்பர் 26இல், ராகலைப் பக்கத்துத் தோட்டக் காணி ஒன்று தொடர்பான வழக்கில் நம்முடைய உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. காணியைவிட்டு வெளியேறும்படி அனுப்பிய அறிவித்தலை ரத்துச் செய்யக் கோரி ஒருவர் கண்டியிலுள்ள மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். அரச காணி மாகாண சபை நிரலுக்குள் வராது, ஆகவே அந்த எழுத்தாணையை, அதாவது அறிவித்தலை ரத்துச் செய்யும் கட்டளையை, கொடுக்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் (விசாரிக்கும் அதிகாரம்) இல்லை என்று மூன்று நீதியரசர்களும் தனித்தனியாக எழுதினார்கள். அட்டியாபாரித் தீர்ப்புக்குச் சரியாக 53 வருஷம் கழித்து, அதே செப்டம்பர் 26. தற்செயல்தான். ஆனால் தோட்டத்து மனுஷன் ஒருவன் கண்டிக்குப் போவதா கொழும்புக்குப் போவதா என்பது மூன்று நிரல்களில் எந்த வரியில் அவனுடைய மண் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது என்றால், நிரல் என்பது பரீட்சை எழுதுகிறவனுக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை என்று புரிகிறது.

நிரலில் கொடுத்ததும் கையில் இருக்கிறதா என்றால் அதுவும் சந்தேகம். மொத்த, சில்லறை விற்பனைக்கான புரள்வு வரி மாகாணங்களுக்கென்று எழுதப்பட்டது. பாராளுமன்றம் விதிக்கிற எல்லைக்குள் என்ற நிபந்தனையோடு. ஹட்டன் டவுனில் உள்ள புடவைக்கடைக்காரர் ஒரு காலத்தில் அதை மாகாணத்துக்குக் கட்டிக்கொண்டிருந்தார். 2010 முடிவோடு அது நின்றது. அதற்கு ஈடாக மத்தி வாங்குகிற தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் ஒரு பங்கு மாகாணங்களுக்கு என்றார்கள். 2019 டிசம்பரில் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். நிரலில் புரள்வு வரி இன்னும் இருக்கிறது, இந்தியாவின் 56ஆவது பதிவைப் போல, ஆள் இல்லாத வீட்டில் மாட்டிய படம் மாதிரி.

பாராளுமன்றம் மாகாண விஷயத்தில் சட்டம் போட வேண்டுமென்றால் சட்டமூலத்தை எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும், எல்லாரும் சம்மதிக்கவில்லை என்றால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்று ஒரு பூட்டு இருக்கிறது. அசாமுக்கு டில்லி இசைவு மாதிரி, ஆனால் திசை தலைகீழ். அங்கே மாநிலம் மேலே கேட்க வேண்டும், இங்கே மத்தி கீழே கேட்க வேண்டும். 2012இல் வாழ்வாதார உதவித் திட்டங்களை ஒரு மத்தியத் திணைக்களத்தின் கீழ் கொண்டுவரும் திவிநெகும சட்டமூலம் வந்தபோது வடக்கில் சபையே இல்லை, ஆளுநர் சம்மதம் சொன்னார். சபையின் இடத்தில் ஆளுநர் சம்மதம் சொல்ல முடியாது என்றது உயர் நீதிமன்றம். மத்திய மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை தேர்தல் இல்லை, ஆளுநர்தான். பூட்டு இருக்கிறது, சாவியை வைத்திருக்கிற ஆள்தான் இல்லை.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் சொன்னேன். பாதிக்கு மேல் அவர் கேட்கவில்லை என்று நினைக்கிறேன், டிவியில் மேட்ச் போய்க்கொண்டிருந்தது. அசாம் கதையை மட்டும் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கம்பெனிக்காரன் மொத கேஸ்ல ஜெயிச்சான்ல, காசு திரும்பிச்சா?"

"இல்ல மாமா. ரெண்டாவது சட்டம் பழைய வருஷத்துக்கும் சேத்துப் போட்டுட்டாங்க."

"அப்ப லொறிக்காரன்?"

தீர்ப்பில் லொறிக்காரனைப் பற்றி ஒன்றும் இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் மேசையில் கிடந்த அந்த நிறுத்தத் துண்டை எடுத்து விரலால் நீவி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். திங்கட்கிழமை முதலாளியிடம் கொடுத்தால் அந்தக் காசு கணக்கில் வரும்.